எலும்பு ஒட்டவில்லை, புரதம் வைக்கலாம் என்கிறார்கள்: வைக்கலாமா?

கேள்வி: 3 ஜூலை 2024, இரவு 9.15

அண்ணனுக்கு வயது 34. சென்ற அக்டோபரில் பைக் விபத்து. முழங்காலுக்குக் கீழே டிபியா முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே ராடு போட்டார்கள். ஒன்பது மாதம் ஆகப்போகிறது, எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே தெரிகிறது. காலை ஊன்றினால் வலி. இப்போது பார்க்கும் டாக்டர், எலும்பை வளரச் செய்யும் புரதம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார். பெரியப்பாவோ புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போடலாம் என்கிறார். புரதம் எலும்பை வளர்க்கும் என்பது உண்மையா, பணம் பறிக்கும் வேலையா? நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறோம்.

3 ஜூலை, இரவு 11.02

உண்மைதான். புரதத்தின் பெயர் பி.எம்.பி-2. எலும்பே இல்லாத தசைக்குள் வைத்தாலும் அங்கே எலும்பு முளைக்கும். மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. நான் டாக்டர் அல்ல. இதே புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் உழைத்தவன்.

நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். தோலைக் கிழித்த முறிவு என்றால் முதல் கேள்வி புரதம் அல்ல, உள்ளே கிருமி இருக்கிறதா என்பதுதான். கிருமித்தொற்றுக்கு அறிகுறி காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்தார்களா? ராடு இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா, ஆடுகிறதா? அண்ணன் சிகரெட் பிடிப்பவரா? சர்க்கரை உண்டா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் பி.எம்.பி. பற்றிப் பேசுவது வீண்.

புத்தூர் வேண்டாம் தம்பி. உள்ளே ராடு இருக்கும் காலுக்கு மேலே கட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

4 ஜூலை, காலை 6.40

தூக்கம் வரவில்லை, கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ஷல் யூரிஸ்ட், லாஸ் ஏஞ்சலிஸில் எலும்பு அறுவை மருத்துவர். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை எல்லாம் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ரப்பர் போன்ற துண்டை முயலின் தசைக்குள் வைத்தார். சில வாரங்களில் அந்த இடத்தில் புது எலும்பு, உள்ளே மஜ்ஜையோடு. 1965இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். எலும்புக்குள் இருக்கும் ஏதோ ஒன்று அக்கம்பக்கத்து செல்களைப் பார்த்து 'நீ எலும்பாகு' என்று கட்டளை இடுகிறது என்பதுதான் அவர் சொன்னது. அந்த ஏதோ ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது, ஏனென்றால் எலும்பில் அது இருக்கும் அளவு அவ்வளவு சொற்பம்.

நடுவில் 1981இல் குபேர் சம்பத்தும் ஹரி ரெட்டியும் செய்த ஒரு சோதனை. எலும்புத் தூளிலிருந்து குவானிடின் என்ற உப்பால் கரையக்கூடியதை எல்லாம் கரைத்து எடுத்தார்கள். கரைந்ததை மட்டும் எலியின் தோலுக்கடியில் வைத்தால் எலும்பு வரவில்லை. கரையாமல் மிஞ்சிய கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை மட்டும் வைத்தாலும் வரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்து வைத்தார்கள், எலும்பு வந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1988இல் ஜான் வோஸ்னி குழு இதன் மரபணுக்களைப் பிரித்தது. அதன் பிறகு சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களுக்குள் மனித மரபணுவைப் புகுத்தி, தொட்டி தொட்டியாகப் புரதத்தைத் தயாரிக்க முடிந்தது. உங்கள் டாக்டர் சொல்லும் வெளிநாட்டுச் சரக்கு அநேகமாக இதுதான்.

4 ஜூலை, மதியம் 1.10

ஒருவர் கேட்டிருக்கிறார்: "புரதம்தானே, தினம் நான்கு முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்தால் போதாதா?"

சூப் கொடுங்கள், ருசியாக இருக்கும். வயிற்றுக்குள் போன புரதம் அமினோ அமிலமாக உடைந்துவிடும். ஆட்டின் எலும்பில் இருந்த கட்டளை உங்கள் அண்ணனின் கால்வரை நடந்துபோகாது. உடம்பு தேற நல்ல சாப்பாடு வேண்டும், அது வேறு விஷயம்.

4 ஜூலை, இரவு 10.25

எண்கள் கேட்டீர்கள்.

புதிதாக முறிந்த, தோல் கிழிந்த டிபியாவில் பி.எம்.பி-2 வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2002இல் வந்தது. 450 பேர். ஒரு பிரிவுக்கு ராடும் வழக்கமான சிகிச்சையும் மட்டும். இரண்டு பிரிவுகளுக்கு அதோடு புரதத்தில் நனைத்த கொலாஜன் பஞ்சு, ஒன்றில் குறைந்த செறிவு, மற்றொன்றில் மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதிகச் செறிவு கிடைத்தவர்களில், எலும்பு ஒட்டாமல் மறுபடி அறுவை செய்ய வேண்டிவரும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. இதை வைத்து 2004இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய முறிவுக்கு அனுமதி கொடுத்தது.

நல்ல செய்தி என்று எழுந்து போய்விடாதீர்கள். 2011இல் இன்னொரு ஆய்வு, 277 பேர். இதில் எல்லோருக்கும் எலும்பின் உட்குழியைக் குடைந்து, பெரிய ராடாகப் போட்டார்கள். இருபதாவது வாரத்தில் எலும்பு ஒட்டியவர்கள், புரதம் வைத்த பிரிவில் 68 சதவீதம், வைக்காத பிரிவில் 67. அவ்வளவுதான் வித்தியாசம். குடையும்போது விழும் எலும்புத் தூள் முறிவைச் சுற்றிப் படிந்து தானே ஒரு மருந்தாகிவிடுகிறது என்பது என் கணிப்பு. நன்றாகச் செய்த பழைய வேலைக்கு முன்னால் புதுப் பொருளின் பயன் சுருங்கிப்போவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

உங்கள் அண்ணனுடையது புது முறிவு அல்ல, ஒட்டாத முறிவு. அதற்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு பி.எம்.பி-7 என்ற சகோதரப் புரதத்தில் நடந்தது. 2001. ஒட்டாத டிபியா 124. பாதிப்பேருக்குப் புரதம், மீதிப்பேருக்கு அவரவர் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்த எலும்புத் துண்டு. ஒன்பது மாதத்தில் நடக்க முடிந்தது, வலி குறைந்தது என்ற கணக்கில் புரதத்துக்கு 81 சதவீதம், இடுப்பெலும்புக்கு 85. ஆக, கிட்டத்தட்டச் சமம். இடுப்பெலும்பு இலவசம்.

அந்த பி.எம்.பி-7 இப்போது சந்தையிலேயே இல்லை.

5 ஜூலை, காலை 7.30

"இலவசம்" என்று நேற்று எழுதியதைப் படித்தால் சித்தப்பா என்னை அடிக்க வருவார்.

அவருக்கும் இதே டிபியாதான். கரூர் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர், ஜாக்கி நழுவிக் காலில் விழுந்தது. ஒட்டவில்லை. இடுப்பில் வெட்டி எலும்பு எடுத்துக் காலில் வைத்தார்கள். கால் சரியாகிவிட்டது. இடுப்பு சரியாகவில்லை. பெல்ட் போட்டால் உறுத்துகிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்று இன்றைக்கும் புலம்புகிறார். கால் வலி எனக்கு விபத்து கொடுத்தது, இடுப்பு வலி டாக்டர் கொடுத்தது என்பார். இது அவர் ஒருவர் கதை மட்டுமல்ல; மேலே சொன்ன 2001 ஆய்விலும் இடுப்பெலும்பு எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த இடத்தில் வலி தங்கிவிட்டது. புரதத்தைத் தேடி ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, குழி பெரிதாக இருந்தால் இடுப்பில் எடுக்கும் எலும்பு போதாது.

அவருக்கு அறுவை செய்த மருத்துவர் வைத்த ஒரே நிபந்தனை பீடியை நிறுத்த வேண்டும் என்பது. நிறுத்தாவிட்டால் தேதி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சித்தி காவல் காத்தாள். புகை பிடித்தால் எலும்பு ஒட்டத் தாமதமாகும் என்பதில் சந்தேகமே இல்லை. முதல் நாளே கேட்டேன், இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் நழுவுகிறீர்கள் தம்பி.

5 ஜூலை, இரவு 9.50

"இவ்வளவு நல்ல புரதம் என்றால் ஏன் எல்லோரும் பயன்படுத்துவதில்லை?" என்று எழுதியவருக்கு. முதுகெலும்புக் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

எஃப்.டி.ஏ. பி.எம்.பி-2க்கு முதலில் அனுமதி கொடுத்தது காலுக்கு அல்ல, கீழ் முதுகுக்கு. 2002. வயிற்றுப் பக்கமாகத் திறந்து இரண்டு முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் ஒரு குறிப்பிட்ட அறுவைக்கு மட்டும். விற்றது மெட்ரானிக் என்ற மருத்துவக் கருவி நிறுவனம். அறுவை மருத்துவர்கள் அனுமதி இல்லாத இடங்களிலும் தாராளமாக வைத்தார்கள். கழுத்தில் வைத்ததில் தொண்டை வீங்கி மூச்சுக்குழாய் நெரிபட்டது. 2008இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. நரம்பின் அருகே வேண்டாத எலும்பு வளர்ந்தது. சில இடங்களில் வளர்வதற்குப் பதிலாக, முதலில் இருந்த எலும்பே அரிக்கப்பட்டது. இந்தப் புரதம் எலும்பைக் கட்டும் செல்களை மட்டுமல்ல, எலும்பைத் தின்னும் செல்களையும் எழுப்பிவிடும்.

இதில் என்னைக் கொதிக்கவைப்பது வேறு. நிறுவனத்தின் பணத்தில் நடந்த 13 ஆய்வுகளில், 780 நோயாளிகளில், புரதத்தால் ஒரு பாதிப்பும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஒன்றுகூடவா? 2011இல் ஸ்டான்ஃபோர்டின் யூஜின் கேரகி குழு மூலத் தரவுகளோடு ஒப்பிட்டு, பாதிப்பு வரும் வாய்ப்பு அந்தக் கட்டுரைகள் சொன்னதைப்போல 10 முதல் 50 மடங்கு என்றது. 2012இல் அமெரிக்க செனட் குழு ஒன்று, அந்தக் கட்டுரைகளை எழுதித் திருத்துவதில் நிறுவன ஊழியர்களே கை வைத்திருந்ததையும், கட்டுரையாசிரியர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளில் சுமார் 21 கோடி டாலர் போனதையும் வெளியிட்டது. பிறகு யேல் பல்கலைக்கழகம் வழியாகத் தரவு முழுவதையும் வாங்கி இரண்டு தனித்தனிக் குழுக்கள் அலசின, 2013இல் முடிவு வந்தது: முதுகெலும்பு ஒட்டுவதில் இடுப்பெலும்பை விடப் பெரிய மேன்மை எதுவும் இல்லை.

பொருள் பொய் இல்லை. அதை விற்ற விதத்தில்தான் பொய்.

6 ஜூலை, காலை 11.15

இரவு எழுதியதைக் காலையில் படித்தால் ஒரு தராசுத் தட்டு மட்டும் கீழே போயிருக்கிறது. மேலே நான் சொன்ன கழுத்து வீக்கமும் நரம்புத் தொல்லையும் முதுகெலும்பில் நடந்தவை. அங்கே மில்லிமீட்டர் தள்ளி நரம்பும் மூச்சுக்குழாயும் இருக்கின்றன. டிபியாவைச் சுற்றி அந்த அளவு ஆபத்து இல்லை. கொஞ்சம் வீங்கினால் கால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். காலுக்கான நியாயத்தைக் காலின் ஆய்வுகளை வைத்துத்தான் பேச வேண்டும்.

ஆனால் அந்த 277 பேர் ஆய்வில் ஆழக் கிருமித்தொற்று புரதம் வைத்த பிரிவில் 19 சதவீதம், மற்றதில் 11. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்தான் என்று புள்ளியியல் சொல்கிறது. என் வீட்டுக் காலாக இருந்தால் எனக்கு நிம்மதி இருக்காது.

6 ஜூலை, இரவு 8.05

ஆய்வகக் கதை கேட்கிறார்கள்.

எங்களிடம் வெள்ளெலிச் செல் வளர்க்க வசதி இல்லை. ஈ.கோலை பாக்டீரியாதான். மனித மரபணுவைக் கொடுத்தால் மடமடவென்று புரதம் செய்யும், ஆனால் மடிக்கத் தெரியாது. எல்லாம் வெள்ளைக் கட்டியாக உள்ளே தேங்கிவிடும். அதைக் கடுமையான உப்பில் கரைத்து, சங்கிலியைப் பிரித்து, பிறகு மெல்ல மெல்ல உப்பைக் குறைத்து மடியவைக்க வேண்டும். பி.எம்.பி-2 ஒற்றை ஆள் அல்ல, ஒரே மாதிரி இரண்டு சங்கிலிகள் ஒரு கந்தகப் பிணைப்பால் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஜோடி சேராதது குப்பை. புரதத்தை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் சோதனையில் எங்களுக்குப் பெரும்பாலும் குப்பைதான் தெரிந்தது.

ஜோடி சேர்ந்த பிறகும் இன்னொரு தலைவலி. அமிலக் கரைசலில் சமர்த்தாகக் கரைந்திருக்கும். உடம்பின் கார அமிலச் சமநிலைக்குக் கொண்டுவந்த உடனே குழாய் பால் போல வெளுக்கும், புரதம் திரிந்து கீழே இறங்கிவிடும். பல வார உழைப்பு கண்ணெதிரே அடியில் உட்கார்ந்துவிடும். தென்கொரியாவில் ஈ.கோலையிலேயே செய்து பல் மருத்துவத்துக்கு விற்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. புரதத்தைச் செய்வது கஷ்டம், ஆனால் தீர்ந்துவிட்ட கஷ்டம். அதை வைத்த இடத்தில் நிற்கவைப்பதுதான் இன்னும் தீராதது. சந்தையில் உள்ள பொருளில் மாட்டுத் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் பஞ்சு இருக்கும். (வீட்டில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மாட்டுக் கொலாஜன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வைக்கவே கூடாது.) அறுவை அரங்கில் புரதத் தூளை நீரில் கரைத்துப் பஞ்சில் ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்போதுதான் புரதம் நாரில் ஒட்டும். பஞ்சை அழுத்திப் பிழிந்தால் விலை உயர்ந்த மருந்து வழிந்து போகும். சரியாக வைத்தாலும் பெரும்பகுதி முதல் சில நாட்களில் கசிந்துவிடுகிறது. அப்படியே ரத்தத்தில் கலந்தால் கடலில் கரைத்த பெருங்காயம். அதனால்தான் இயற்கையில் எலும்புக்குள் இருப்பதைப்போல் எத்தனையோ மடங்கை மில்லிகிராம் கணக்கில் கொட்டுகிறார்கள். வீக்கமும் வேண்டாத எலும்பும் வருவதற்கு இந்தக் கொட்டலே பெரிய காரணம்.

1981 சோதனையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கரைந்தது தனியாகப் பயன்படவில்லை, தாங்குவதும் தனியாகப் பயன்படவில்லை. விடை அப்போதே மேசைமேல் இருந்தது. புரதத்தைத் தயாரிக்கும் மும்முரத்தில் தாங்குவதை மறந்துவிட்டார்கள்.

7 ஜூலை, காலை 8.20

பிரண்டை. யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

1960களிலேயே பனாரஸில் கே.என். உடுப்பா குழு பிரண்டையை விலங்குகளின் முறிவில் சோதித்துப் பலன் இருப்பதாக எழுதியிருக்கிறது. கேலி செய்யமாட்டேன். என் அம்மா செய்யும் பிரண்டைத் துவையலுக்கு நான் அடிமை. ஆனால் எலியின் காலில் தானாக ஒட்டப்போகும் முறிவை ஒரு வாரம் முன்னதாக ஒட்டவைப்பது வேறு, ஒன்பது மாதம் ஒட்டாத மனிதக் காலை ஒட்டவைப்பது வேறு. துவையல் சாப்பிடட்டும். நாக்கு அரிக்காமல் இருக்கப் புளி தாராளமாகப் போடுங்கள்.

7 ஜூலை, இரவு 10.40

புரதத்தை வைத்த இடத்தில் நிற்கவைக்கும் வேலையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்ட மாணவிக்கு. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே நீளும்.

ஒரு வழி, புரதத்துக்கே வால் முளைக்கவைப்பது. 2014இல் மிக்கேல் மார்ட்டினோ, ஜெஃப்ரி ஹப்பெல் குழு செய்தது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் பி.எல்.ஜி.எஃப்-2 என்ற புரதத்தின் ஒரு சிறு துண்டு, செல்களுக்கு வெளியே உள்ள நார்களில் அசாதாரணமாக ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டை வெட்டி பி.எம்.பி-2இன் நுனியிலும், பி.டி.ஜி.எஃப். என்ற வேறொரு வளர்ச்சிப் புரதத்தின் நுனியிலும் ஒட்டினார்கள். எலியின் மண்டையோட்டில் தானாக மூடாத அளவுக்குத் துளையிட்டு இவற்றை வைத்தபோது, மிகக் குறைந்த அளவிலேயே எலும்பு நன்றாக மூடியது. சாதாரணப் புரதம் அதே அளவில் அப்படிச் செய்யவில்லை. மருந்தைக் கூட்டவில்லை, கசிவை அடைத்தார்கள். பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனால் அது எலியின் மண்டையோடு, பாரம் தாங்கும் கால் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வழி, கால்சியம் பாஸ்பேட் மணிகளில் பிடித்துக்கொள்ளும் வால் சேர்ப்பது. மணி இருக்கும் இடத்தில்தான் எலும்பு, தாண்டி ஓடாது.

மூன்றாவது வழி, முழுப் புரதமே வேண்டாம் என்பது. கொலாஜனில் செல்கள் பற்றிக்கொள்ளும் 15 அமினோ அமிலத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து தாது மணிகளில் ஒட்டிவிடுகிறார்கள். பெயர் பி-15. 2015இல் கழுத்து முள்ளெலும்பு ஒட்டும் அறுவைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி.எம்.பி-யை வைத்ததில் தொண்டை வீங்கிய அதே கழுத்து! பி-15 கட்டளை இடுவதில்லை, வந்த செல் உட்கார இடம் கொடுக்கிறது. அதே 2015இல், ஈஸ்டில் தயாரித்த பி.டி.ஜி.எஃப். கணுக்கால் மூட்டுகளை ஒட்டவைக்க அனுமதி பெற்றது.

இவை எதுவும் இன்றைக்கு உங்கள் ஊர் அறுவை அரங்கில் ஒட்டாத டிபியாவுக்கு ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. ஆசை காட்டுவதற்காக எழுதவில்லை.

8 ஜூலை, மாலை 6.00

"இந்தக் கட்டளை நிற்காமல் போனால் என்ன ஆகும்?" என்று மாணவி மறுபடி கேட்கிறார். அப்படி ஒரு நோயே இருக்கிறது. எஃப்.ஓ.பி., மிக அரிது. பி.எம்.பி-யின் கட்டளையை வாங்கும் ஏ.சி.வி.ஆர்.1 என்ற ஏற்பியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அடி பட்டாலோ ஊசி போட்டாலோகூட அந்த இடத்துத் தசை எலும்பாகிவிடும். வெட்டி எடுத்தால் இன்னும் அதிகமாக வளரும். பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் ஹாரி ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூடு இருக்கிறது. உடம்பு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. தன் எலும்புகளை ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு இறந்தவர் அவர்.

ஆரோக்கியமான உடம்பில் நாகின் (Noggin) என்ற இன்னொரு புரதம் பி.எம்.பி-யைக் கவ்விப் பிடித்து அடக்கிவைக்கிறது. நாம் வெளியிலிருந்து மில்லிகிராம் கணக்கில் ஊற்றும்போது இந்தக் காவல் எம்மாத்திரம்?

11 ஜூலை, இரவு 9.30

தம்பி திரும்பி வந்து எழுதியதைப் படித்தேன். சி.ஆர்.பி. அதிகம், ராடைச் சுற்றிச் சீழ், சீழை வளர்த்துப் பார்த்த கல்ச்சரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. அண்ணன் சிகரெட்டும் உண்டு, நாளைக்கு ஒரு பாக்கெட். நல்லவேளை, புரதம் வைக்கவில்லை. கிருமி இருக்கும் இடத்தில் பி.எம்.பி-2 வைக்கக்கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.

புது டாக்டர் சொல்லும் திட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது: ராடை எடுத்து, செத்த எலும்பை வெட்டிக் கழித்து, குழியில் ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டை வைப்பது. பிரான்ஸின் அறுவை மருத்துவர் மாஸ்க்லே வகுத்த முறை. ஆறு முதல் எட்டு வாரத்தில் சிமெண்டைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள ஒரு சவ்வு வளரும், பிறகு சிமெண்டை எடுத்துவிட்டு எலும்பை நிரப்புவார்கள். அந்தச் சவ்வே பி.எம்.பி-2ஐச் சுரக்கிறது, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், பைசா செலவில்லாமல்.

12 ஜூலை, காலை 7.05

"தினம் போடும் எலும்பு ஊசி" பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டெரிபாரடைடைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாராதைராய்டு ஹார்மோனின் 84 அமினோ அமிலங்களில் முதல் 34 மட்டும், அதுவும் ஈ.கோலையில் தயாரானது. எலும்புத் தேய்மானத்துக்கு அனுமதி உண்டு. ஒட்டாத முறிவுக்குச் சிலர் கொடுத்துப் பார்க்கிறார்கள், ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கிருமி போகும்வரை அந்தப் பேச்சும் வேண்டாம்.

இரண்டாவது அறுவைக்கு முன் டாக்டர் மறுபடி புரதம் என்று சொன்னால் கேட்க வேண்டியவை: இடுப்பெலும்பு மட்டும் போதாதா, குழி எத்தனை சென்டிமீட்டர்? எந்தப் புரதம், எதில் தாங்கி வைப்பீர்கள், எத்தனை மில்லிகிராம்? அட்டைப்பெட்டியை முன்கூட்டியே பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். சிகரெட் பாக்கெட்டை அண்ணியிடம் ஒப்படைத்தாகிவிட்டதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.